தினமும் இரண்டு முறை மூழ்கும் மனிதன்!

நியூயார்க் போய் வருகிற நம்ம ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் ஒரு போட்டோ இருக்கும். பின்னால் சுதந்திர தேவி சிலை. முன்னால் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நம்மாள். சிலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்திருப்பது போல ஒரு போஸ் வேறு! மச்சான் எடுத்தாலும் அதே போட்டோ, பக்கத்து சீட்டுக்காரர் எடுத்தாலும் அதே போட்டோ.

அந்தச் சிலைக்குப் படகு பிடிக்கிற இடத்துக்கு பேட்டரி பார்க் என்று பெயர். மன்ஹாட்டன் தீவின் தெற்கு நுனி. (பேட்டரி என்றதும் டார்ச் லைட் ஞாபகம் வர வேண்டாம். ஒரு காலத்தில் அங்கே பீரங்கிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பீரங்கி வரிசைக்குத்தான் இங்கிலீஷில் பேட்டரி.) படகுக்காக நிற்கிற க்யூ, திருப்பதி அளவுக்கு இல்லாவிட்டாலும் கிருத்திகை அன்றைய வடபழனி அளவுக்காவது இருக்கும். எல்லாருடைய கண்ணும் தூரத்தில் தீபம் பிடித்து நிற்கிற அம்மணி மேல்தான்.

அந்த க்யூவை விட்டு விலகி, தண்ணீரை ஒட்டியே வடக்குப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ‘பியர் ஏ’ என்ற பழைய படகுத்துறை. அதற்குச் சற்று முன்னால், கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் கருங்கல்லில் ஓர் அலைதடுப்பு. அதன் மேல் இருக்கிறார்கள், நான் சொல்ல வந்த நாலு பேர். வெண்கல மனிதர்கள்.

மூழ்கிக்கொண்டிருக்கும் கலம் ஒன்றின் சாய்ந்த தளம். அதில் மூன்று பேர். ஒருத்தர் நின்றபடி யாரையோ உதவிக்குக் கூப்பிடுகிறார். இன்னொருத்தர், கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்பது போல வெறித்துப் பார்க்கிறார். மூன்றாவது ஆள் தளத்தின் விளிம்பில் கவிழ்ந்து, கையைத் தண்ணீரை நோக்கி நீட்டுகிறார்.

நாலாவது ஆள்? அவர் தண்ணீருக்குள் இருக்கிறார். அண்ணாந்த முகம். மேலே நீட்டிய ஒரு கை. அந்தக் கை, மேலேயிருந்து வரும் கைக்கு எட்டியும் எட்டாமலும்...

நான் போனபோது கூட வந்த நண்பனுக்கு வால் ஸ்ட்ரீட் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. “நாலு வருஷமா லஞ்ச் டயத்துல இந்தப் பக்கம்தான்டா வாக்கிங் வரேன். மூணு பேர்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!” என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாலாவது ஆளை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நியூயார்க் துறைமுகத்தில் கடல் நீர் தினமும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சராசரியாக நாலரை அடி வித்தியாசம். நீர் இறங்கும்போது அவருடைய முகம் தெரியும், தோள் தெரியும். ஏற ஏற ஒவ்வொன்றாக மறையும். தினம் இதே கதை. மழை, வெயில், பனி எதற்கும் லீவு கிடையாது.

சிலைகளை நாமெல்லாம் எப்படி வைப்போம்? உயரமான பீடம். தலைவர் கையை நீட்டி வழி காட்டுவார். பறவைகள் எச்சம் போடாமலிருக்க மேலே ஒரு குடை. ஆண்டுக்கு ஒருமுறை மாலை. மூழ்க வைப்பதற்காகவே ஒரு சிலை செய்து பார்த்திருக்கிறீர்களா? (பிள்ளையார் கணக்கில் சேர மாட்டார்!)

எதிரி எடுத்த போட்டோ

இது அமெரிக்க வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவுச் சின்னம். போர்க் கப்பல்காரர்கள் அல்ல. சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல்களில் வேலை பார்த்து, யுத்தத்தில் செத்துப் போனவர்கள். இதன் பின்னால் ஒரு புகைப்படம் இருக்கிறது. அதை எடுத்தவர்கள் யார் என்று கேட்டால்தான் கொஞ்சம் தூக்கிவாரிப் போடும்.

1942 மார்ச் 22. முஸ்கோகி என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் வெனிசுலாவில் கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு கனடாவிலுள்ள ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அட்லாண்டிக் நடுவே அதை மடக்கியது யூ-123 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். டார்ப்பிடோ பாய்ந்தது. கப்பல் போய்விட்டது. கப்பலில் இருந்த சிலர் மிதவையைப் பிடித்துக்கொண்டு தத்தளித்தார்கள். நீர்மூழ்கி மேலே வந்தது. அதிலிருந்த ஒரு ஜெர்மானியர் கேமராவை எடுத்து, மிதவையில் இருந்தவர்களை க்ளிக் செய்தார். பிறகு நீர்மூழ்கி தன் வழியே போய்விட்டது.

முஸ்கோகியில் இருந்தவர்கள் மொத்தம் 34 பேர். ஒருவர்கூடக் கரை சேரவில்லை. அவர்கள் கடைசியாக எப்படி இருந்தார்கள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே சாட்சி, அவர்களைக் கவிழ்த்த எதிரியின் கேமரா.

யூ-123-ன் கேப்டன் ரைன்ஹார்ட் ஹார்டெகன். நியூயார்க் அவருக்குப் புதுசு இல்லை. 1933-லேயே பயிற்சி மாலுமியாக வந்து ஊரைச் சுற்றிப் பார்த்தவர். 1942 ஜனவரியில் நீர்மூழ்கியோடு திரும்பி வந்தபோது அவருக்கே ஆச்சரியம். யுத்தம் ஆரம்பித்து ஒரு மாசம் ஆகிறது, கரையோரம் முழுக்க விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது! விளக்கை அணைத்தால் சுற்றுலா வியாபாரம் படுத்துவிடும் என்று பல கடலோர ஊர்களில் யோசனை. அந்த வெளிச்சத்தின் முன்னால் போகிற கப்பல்கள், சினிமாத் திரைக்கு முன்னால் எழுந்து நிற்கிற ஆள் மாதிரிப் பளிச்சென்று தெரிந்தன. லாங் ஐலண்ட் அருகே நார்னஸ், கோயம்ப்ரா என்று அடுத்தடுத்து இரண்டு எண்ணெய்க் கப்பல்களை அவர் கவிழ்த்தார். அந்த மாதங்களை ஜெர்மன் நீர்மூழ்கிக்காரர்கள் ‘இரண்டாவது மகிழ்ச்சிக் காலம்’ என்றே அழைத்தார்கள். யாருக்கு மகிழ்ச்சி என்று சொல்லவேண்டியதில்லை.

ஹார்டெகன் யுத்தத்துக்குப் பிறகு ஊர் திரும்பினார். எண்ணெய் வியாபாரம் செய்தார். (ஆமாம், எண்ணெய்தான்!) பிரெமன் நகரின் சட்டமன்றத்தில் பல்லாண்டுகள் உறுப்பினராக இருந்தார். 2018-ல் காலமானார். வயது 105.

எம்டன் காலமும் யூ-போட் காலமும்

‘சரக்குக் கப்பலை எதற்கு அடிக்கணும்? துப்பாக்கியா இருக்கு அவங்ககிட்ட?’ என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு மெட்ராஸ்காரர்களுக்கு பதில் தெரிந்திருக்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் நம் துறைமுகத்துக்கு வந்து குண்டு போட்டதே, எதைக் குறி வைத்தது? கோட்டையை அல்ல. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை! தீவுக்காரனான பிரிட்டிஷ்காரனை வீழ்த்த அவன் சிப்பாயைச் சுட வேண்டியதில்லை. அவன் அரிசியையும் எண்ணெயையும் கோதுமையையும் நிறுத்தினால் போதும். அதை ஏற்றி வருகிறவன் சரக்குக் கப்பல்காரன். எனவே முதல் அடி அவனுக்கு.

ஆனால் எம்டன் கேப்டன் வான் முல்லருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். மூழ்கடிப்பதற்கு முன்னால் அதிலிருக்கும் ஆட்களை முதலில் பத்திரமாக இறக்கிவிடுவார். கபிங்கா என்ற கப்பலை மடக்கியபோது அதில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதை மூழ்கடிக்காமல், மற்றக் கப்பல்களில் பிடித்த ஆட்களையும் அதிலேயே ஏற்றி, கல்கத்தாவுக்குப் போங்கள் என்று அனுப்பி வைத்தார். கில்லாடி ஆளை ‘சரியான எம்டன்யா!’ என்று நாம் இன்னும் சொல்கிறோம். அதில் பயமும் இருக்கிறது, கொஞ்சம் மரியாதையும் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த மரியாதைக்கு இடமில்லாமல் போய்விட்டது. நீர்மூழ்கிக்குள் தன் ஆட்களே காலை நீட்டிப் படுக்க முடியாது. பிடித்தவர்களை எங்கே ஏற்றுவது? மேலே நின்றால் விமானம் வந்து அடிக்கும். ஆகவே அடி, ஓடு. மிதக்கிறவன் பாடு, கடல் பாடு.

அமெரிக்க வணிகக் கப்பல்களில் அந்த யுத்த காலத்தில் சுமார் 2,43,000 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் 26 பேருக்கு ஒருவர் செத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ராணுவத்தின் எந்தப் பிரிவையும்விட இது அதிகம். பதினாறு வயசுப் பையன்களும் இருந்தார்கள், பேரன் எடுத்த தாத்தாக்களும் இருந்தார்கள். ராணுவத்தில் ‘கண் சரியில்லை, போய் வா’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்கூட இங்கே சேர்ந்தார்கள்.

வேலைக்குத்தானே போனாங்க?

பேட்டரி பார்க்கிலேயே இன்னொரு நினைவிடம் இருக்கிறது. நாலாவது ஆளைப் பார்த்துவிட்டு அங்கேயும் போனேன். கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. 19 அடி உயரத்தில் எட்டு கிரானைட் சுவர்கள், நடுவே பெரிய வெண்கலக் கழுகு. 1963 மே மாதம் ஜனாதிபதி கென்னடியே வந்து திறந்து வைத்தது. அட்லாண்டிக் கடலில் காணாமல் போன 4,600-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெயர், பதவி, பிரிவு, எந்த மாநிலம், எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ராணுவம், கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல் என்று சீருடைக்காரர்கள்.

அதே கடல். அதே வருஷங்கள். அதே டார்ப்பிடோ. ஆனால் முஸ்கோகிக்காரர்கள் அந்தப் பட்டியலுக்குள் வர மாட்டார்கள். அவர்கள் ‘வேலை’ பார்த்தவர்கள்!

யுத்தம் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க அரசாங்கம் 1944-ல் போட்ட சட்டத்தின்படி காலேஜ் படிப்புக்குப் பணம், வீடு வாங்கக் கடன் என்று வாரிக் கொடுத்தது. ஒரு தலைமுறையே அதில் மேலே வந்தது. வணிகக் கப்பல்காரர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ‘அவங்களுக்குத்தான் நல்ல சம்பளமாச்சே’ என்று ஒரு பேச்சு. நம்ம ஆபீஸிலும் கேட்டிருப்பீர்கள். கஷ்டப்படுகிறவனைப் பார்த்துச் சொல்ல ஏதும் இல்லாதபோது அவன் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

பிரிட்டனில் இன்னும் விசேஷம். கப்பல் போனால் கப்பலோடு போட்ட வேலை ஒப்பந்தமும் போச்சு என்பது அங்கே பழைய வழக்கம். யுத்தம் ஆரம்பித்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1941 மே மாதத்தில் வந்த உத்தரவுதான் மாலுமிகளுக்குத் தொடர்ச்சியான வேலை, தொடர்ச்சியான சம்பளம் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்தது. அதுவரை, நடுக்கடலில் மிதவையைப் பிடித்துக்கொண்டு தொங்கியவரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உயிர் போகிறதா, இருக்கிறதா என்பது ஒரு கவலை. வேலை இருக்கிறதா என்பது இன்னொரு கவலை!

அமெரிக்க மாலுமிகள் ‘நாங்களும் யுத்த வீரர்கள்தான்’ என்று கோர்ட் வரை போய் ஜெயித்து, அந்த அந்தஸ்து கைக்கு வந்தபோது வருஷம் 1988. யுத்தம் முடிந்து 43 வருஷம் ஆகியிருந்தது. பதினாறு வயசில் கப்பலேறிய பையன் அறுபதைத் தொட்டுவிட்டான். அந்த வயசில் இனி எந்தக் காலேஜுக்குப் போவது? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் என்ற மிக உயர்ந்த மரியாதைக்கான சட்டம் 2020-ல் வந்தது. அப்போது உயிரோடு இருந்தவர்களுக்குத் தொண்ணூறு வயசுக்கு மேல்.

பேசாத பெண் செய்த சிலை

நினைவுச் சின்னம் வைக்க வேண்டும் என்ற முயற்சி 1976-லேயே ஆரம்பித்தது. அதற்கான அமைப்புக்குத் தலைமை தாங்கியவர் லேன் கிர்க்லண்ட். அமெரிக்காவின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். அவரே யுத்தத்தின்போது வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர். மந்திரியும் தளபதியும் வைக்காத சிலையை யூனியன்காரர் வைத்தார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

போட்டியில் ஜெயித்த சிற்பி மாரிசோல் எஸ்கோபார். 1930-ல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் வெனிசுலாக்காரர்கள். (முஸ்கோகி கடைசியாக எண்ணெய் ஏற்றியதும் வெனிசுலாவில்தான். தற்செயல்தான், ஆனாலும் மனசில் நிற்கிறது.) பதினோரு வயதில் தாயை இழந்தார். தற்கொலை. இனிமேல் பேசுவதில்லை என்று அந்தச் சிறுமி முடிவெடுத்தார். வளர்ந்து, நியூயார்க்கில் புகழ் பெற்ற பிறகும், பேச்சைவிட மௌனத்துக்காகவே அதிகம் பேசப்பட்டார். மரத்தில் பெட்டி பெட்டியாக மனிதர்களைச் செய்து கிண்டலடிப்பது அவருடைய பாணி. இந்த ஒரு வேலையில் கிண்டல் இல்லை. எதிரி எடுத்த அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு படம் படமாக வரைந்து பார்த்தார். களிமண்ணில் மாதிரி செய்தார். 1991 அக்டோபர் 8-ம் தேதி சின்னம் திறக்கப்பட்டது.

அவர் நினைத்திருந்தால் நாலு பேரையும் தளத்தின் மேலேயே ஏற்றியிருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி கிடைத்திருக்கும். நாலாவது ஆளைத் தண்ணீரில் விட்டார். பிறகு அந்தச் சிலையின் ஒரு பாதி வேலையைக் கடலிடமே ஒப்படைத்துவிட்டார். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு கீழ்ப்பக்கம் பாசி ஏறிக் கிடக்கிறது. பெரிய பீடத்தில் இருந்தால் ‘சுத்தம் செய்யுங்கப்பா’ என்று யாராவது சொல்வார்கள். இங்கே அழுக்கும் சிலையைச் சேர்ந்ததுதான்.

நம்ம ஆட்கள் எங்கே?

இந்த விஷயத்தில் நமக்கும் சொந்தம் இருக்கிறது. பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் அடிவயிற்றில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள், தளம் கழுவியவர்கள், சமையல் செய்த பண்டாரிகள் என்று ஆயிரக்கணக்கில் இந்தியர்கள். ‘லஸ்கர்’ என்று அழைத்தார்கள். வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுத்த சம்பளத்தில் சின்ன ஒரு பங்குதான் இவர்களுக்கு. டார்ப்பிடோ மட்டும் பாகுபாடு பார்க்கவில்லை.

லண்டனில் தேம்ஸ் நதிக்கு அருகே டவர் ஹில்லில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்குப் பெரிய நினைவிடம் இருக்கிறது. முதல் யுத்தத்துக்கான பகுதியை வடிவமைத்தவர் லுட்யென்ஸ். டெல்லியில் ராஷ்டிரபதி பவனைக் கட்டிய அதே ஆள்தான். சுமார் 12,000 பெயர்கள். இரண்டாம் யுத்தத்துக்காக 1955-ல் சேர்த்த பகுதியில் ஏறக்குறைய 24,000 பெயர்கள். கடலே கல்லறையாகிப் போனவர்கள்.

லஸ்கர்களின் கணக்கு தனி. கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில், பிரின்ஸெப் காட்டுக்குப் பக்கத்தில், 1924-ல் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். உயரம் 100 அடி. முதல் யுத்தத்தில் இறந்த வங்காளம், அஸ்ஸாமைச் சேர்ந்த 896 லஸ்கர்களுக்காக. இரண்டாம் யுத்தத்தில் கடலில் மறைந்த இந்தியக் கடற்படை, வணிகக் கப்பல் ஆட்கள் ஏறக்குறைய 6,500 பேரின் பெயர்கள் புத்தகமாக இருக்கின்றன. ஒரு பிரதி மும்பையில், இன்னொரு பிரதி வங்காளதேசத்தின் சிட்டகாங்கில். கல்லில் செதுக்கிய பெயரை நடந்து போகிறவன் தற்செயலாகப் படிப்பான். புத்தகத்தில் இருக்கிற பெயரை யாராவது போய்த் திறந்தால்தான் உண்டு.

அடுத்த முறை நியூயார்க் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சுதந்திர தேவியோடு போட்டோ எடுங்கள், தப்பில்லை. கூடவே, அன்றைக்கு நீர் எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கும் என்று செல்போனில் பார்த்துவிட்டுப் போங்கள். தினமும் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளித் தள்ளிப் போகும். நீங்கள் போகிற நேரத்தில் அந்த நாலாவது ஆள் முழுசாக மூழ்கியிருந்தாலும் ஏமாற்றம் வேண்டாம். சுமார் ஆறு மணி நேரம் கழித்து வந்தால் வெளியே வந்துவிடுவார்.

முஸ்கோகியின் 34 பேருக்கு அந்த வசதி இல்லை.